காலத்தோடு மாறுவனவும் எழுமாற்றுப் பரிசோதனையும்

விஞ்ஞானம் பயிலும் மாணவனுக்கு முதன்முதற் கற்பிக்கப்படும் பாடங்களுள் ஒன்று, பரிசோதனையில் ஒன்றை மாத்திரம் மாற்றி ஏனையவற்றை மாறாது வைத்தல் வேண்டும் என்பதாகும். ஆய்கூடத்திலே இவ்விதி பெரும்பாலும் எளிதிற் கைகூடும். குடுவையிலுள்ள திரவத்தை நாம் விரும்பிய வெப்பநிலையில் நிறுத்திவைக்கலாம். ஆனால் வயலும் நோயாளியும் வகுப்பறையும் ஊரும் அவ்வாறு நமக்காகக் காத்து நிற்பனவல்ல. நாம் செய்த செயலின் பயனைக் காணுமுன்னரே அவை தாமாக மாறிவிடுகின்றன. மாரி பொய்க்கின்றது, காய்ச்சல் தானே தணிகின்றது, பிள்ளை ஒரு வயது வளர்ந்துவிடுகின்றான்.

தானே மாறிக்கொண்டிருக்கும் ஒன்றிலே, நாம் செய்த மாற்றத்தின் பயனை மாத்திரம் பிரித்தறிவது எங்ஙனம்? இவ்வினா ஏட்டளவில் நின்றுவிடுவதன்று. ஒரு மருந்தைக் கொடுப்பதா விடுப்பதா, ஒரு பசளையை வாங்குவதா தவிர்ப்பதா என்னும் முடிவுகள் இதன் விடையிலேயே தங்கியுள்ளன. பழைய மாணவர்களுள் வைத்தியராயும் ஆசிரியராயும் கமக்காரராயும் நிருவாகிகளாயும் விளங்குவோர் பலர். அவர்கள் யாவருக்கும் பொதுவான இவ்வினாவை உண்மை வரலாறுகள் சிலவற்றின் துணைகொண்டு ஈண்டு ஆராய்வோம்.

1. ஒரு கோதுமை வயல் கற்பித்த பாடம்

இங்கிலாந்தில் றொதம்ஸ்தெட் கமத்தொழில் ஆராய்ச்சி நிலையத்திலே 'புரோட்பால்க்' என வழங்கும் கோதுமை வயல் ஒன்றுண்டு. லோஸ், கில்பேட் என்னும் அறிஞர் இருவர் 1843ஆம் ஆண்டில் ஆங்குத் தொடங்கிய பரிசோதனை இன்றும் நடைபெற்று வருகின்றது. வயலைப் பட்டிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பட்டிக்கும் ஒவ்வொரு வகைப் பசளையிட்டு, ஆண்டுதோறும் விளைச்சலைக் குறித்து வந்தனர். அவ்வாறு குவிந்து கிடந்த குறிப்புக்களை ஆராயும் பொருட்டு 1919ஆம் ஆண்டில் றொனால்ட் பிஷர் என்னும் கணித அறிஞர் அந்நிலையத்திற் சேர்ந்தார்.

விளைச்சலின் ஏற்றத்தாழ்வுகளை அவர் மூன்றாகப் பகுத்துக் கண்டார். ஆண்டுக்காண்டு வேறுபடும் மாற்றம் ஒன்று. இதற்குப் பெரிதும் காரணம் மழையும் வெயிலும். மண்ணின் வளம் சிறிது சிறிதாகக் குன்றுதலால் வரும் மாற்றம் மற்றொன்று. பல்லாண்டுகளாக மெல்ல ஏறி மெல்ல இறங்கும் மாற்றம் மூன்றாவது. இம்மூன்றாவதனைப் பசளையாலும் மழையாலும் விளக்க இயலவில்லை. 1921ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையிற் பிஷர் இதனைக் களைகளின் பெருக்கத்தோடு தொடர்புபடுத்தினார். 1876, 1880ஆம் ஆண்டுகளிலே பிறந்த கல்விச் சட்டங்களினாற் சிறுவர்கள் பள்ளிக்கூடம் செல்லவேண்டியதாயிற்று. வயலிற் களைபிடுங்கிய சிறு கைகள் குறைந்தமையும் ஒரு காரணமாகலாம் என அவர் கருதினார்.

இதிலடங்கிய பாடம் பெரிது. பாராளுமன்றத்தில் இயற்றப்பட்ட கல்விச் சட்டம் ஒன்று கோதுமைக் கதிரிலே தன் சுவட்டைப் பதித்திருக்கக்கூடும் என்று எந்தக் கமக்காரன் எதிர்பார்ப்பான்? அவ்வாண்டுகளில் ஒருவர் பழைய பசளையை விடுத்துப் புதிய பசளையை இட்டு, 'முன்னர் இவ்வளவு, பின்னர் இவ்வளவு' என ஒப்பிட்டிருப்பாராயின், களையின் குற்றத்தைப் பசளையின்மேற் சுமத்தியிருப்பார். முன்னையதையும் பின்னையதையும் ஒப்பிடுவோர், இடையில் மாறிய யாவற்றையும் தாம் செய்த ஒன்றனோடு கலந்து அளக்கின்றனர்.

இதற்குப் பிஷர் கூறிய பரிகாரம் மூன்று உறுப்புக்களை உடையது. வயலை ஒத்த தன்மையுடைய கண்டங்களாகப் பிரித்தல் வேண்டும். ஒவ்வொரு கண்டத்தினுள்ளும் எல்லாப் பசளைகளும் இடம்பெறல் வேண்டும். எந்தப் பாத்திக்கு எந்தப் பசளை என்பதைத் திருவுளச் சீட்டுப் போன்ற எழுமாற்று முறையினாலே தீர்மானித்தல் வேண்டும். இவ்வாறு செய்யின், பெய்யும் மழையும் முளைக்கும் களையும் இரு பக்கத்துக்கும் பொதுவாகும். எழுமாற்று என்பது கவனமின்மையன்று. நாம் அறிந்த காரணங்களோ அறியாத காரணங்களோ, நம் விருப்பு வெறுப்போ ஒரு பக்கத்தைத் திட்டமாகச் சாராவண்ணம் காக்கும் வேலி அதுவே. 1935ஆம் ஆண்டில் வெளிவந்த, பரிசோதனைகளை அமைக்கும் முறை பற்றிய தமது நூலில் அவர் இம்முறையை விரித்துரைத்தார்.

நிலத்தைப் போன்றே காலத்தையும் ஒரு வயலாகக் கருதலாம் என்பதே நாம் இங்கு வற்புறுத்த விரும்புவது. ஒரு மாதம் ஒரு கண்டம். ஒரு போகம் ஒரு கண்டம். ஒரே காலக் கண்டத்தினுள் இருப்பனவற்றையே ஒன்றோடொன்று ஒப்பிடுதல் வேண்டும். பின்வருவன யாவும் இவ்வொரு விதியின் விரிவே.

2. பழையதை மறவாத உயிர்கள்

கறவைப் பசுவொன்றை எடுத்துக்கொள்வோம். கன்று ஈன்று சில வாரங்களிற் பால் உச்சநிலையை அடைந்து, பின்னர் மெல்லக் குறைந்துகொண்டே செல்லும். இரு தீன்களுள் எது சிறந்தது எனக் காண, முதலிற் பழைய தீனும் பின்னர்ப் புதிய தீனும் கொடுத்துப் பார்த்தால், புதிய தீனுக்குத் தகாத பழி நேரும். பால் குறைவது இயற்கையன்றோ? இதற்கு ஒரு வழியுண்டு. காலத்தை மூன்று சம பகுதிகளாக்கி, முதலிலும் ஈற்றிலும் ஒரு தீனையும் நடுவில் மற்றைத் தீனையும் கொடுத்தல் வேண்டும். தீன்களுக்கிடையே வேறுபாடு சிறிதுமின்றி, பால் நாளொன்றுக்கு 12, 10, 8 லீற்றர் எனச் சீராகக் குறைவதாகக் கொள்வோம். முதலும் ஈறும் சேர்ந்த சராசரி 10; நடுவிலும் 10. காலத்தால் வந்த குறைவு தானே நீங்கிவிடுகின்றது. மேலும், மந்தையிற் பாதிப் பசுக்களுக்கு வரிசையை மாற்றிவைத்தல் வேண்டும். எந்தப் பசுவுக்கு எந்த வரிசை என்பதை எழுமாற்றினால் தெரிதல் வேண்டும்.

எனினும் இங்கே வேறோர் இடர்ப்பாடு உளது. நேற்றைய தீனின் பயன் இன்றைய பாலிலும் தோன்றலாம். ஒரு மருந்தின் வேகம் அடுத்த மருந்தின் காலத்திலும் எஞ்சி நிற்கலாம். ஆதலின் தீன் மாறியபின் முதற் சில நாள்களின் அளவைகளைக் கணக்கிற் சேராது விடுவதுண்டு. அன்றியும், ஒவ்வொரு தீனும் மற்றொவ்வொரு தீனின் பின்னும் சம தடவைகள் வருமாறு வரிசைகளை அமைப்பதுமுண்டு. கொக்கிரான் முதலிய மூவர் 1941ஆம் ஆண்டில் இத்தகைய வரிசை முறையொன்றைப் பாற்பசுக்களுக்கென்றே வகுத்து வெளியிட்டனர்.

தேயிலைச் செடி இன்னும் நீண்ட நினைவுடையது. சில ஆண்டுகளுக்கொருமுறை கவ்வாத்துச் செய்யப்படும் அச்செடி, கவ்வாத்தின் பின் ஒவ்வோராண்டும் வெவ்வேறளவு கொழுந்து தரும். கவ்வாத்துச் செய்த மலையையும் அதற்கு மூன்றாண்டு மூத்த மலையையும் ஒப்பிட்டுப் பசளையின் குணத்தைக் கூறுதல் அறியாமையாகும். றொதம்ஸ்தெட்டிலே பிஷருடன் பணியாற்றிய ரி. ஈடன் என்பார் பின்னர் இலங்கைத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்திற்கு வந்து, தேயிலை வயற் பரிசோதனைகளில் நேரும் வழுக்களை ஆராய்ந்து 1931ஆம் ஆண்டிற் கட்டுரை வெளியிட்டார். புதிய முறை பிறந்த சில ஆண்டுகளிலேயே அது நம் மலைநாட்டையும் எட்டிவிட்டது.

3. எப்பொழுது அளப்பது?

பரிசோதனை நேர்மையாக நடந்தபோதிலும், அளக்கும் காலம் பொருந்தாவிடின் பெறுபேறு நம்மை ஏமாற்றும். 1948ஆம் ஆண்டிற் பிரித்தானிய வைத்திய ஆராய்ச்சிக் கழகம் ஸ்ரெப்ரோமைசின் என்னும் மருந்தைச் சயரோகத்திற்குச் சோதித்த வரலாற்றை வெளியிட்டது. ஒஸ்ரின் பிராட்போட் ஹில் என்பார் அமைத்த எழுமாற்று முறையின்படி 55 பேர் மருந்து பெற்றனர். 52 பேர் படுக்கை ஓய்வு மாத்திரம் பெற்றனர். ஆறு மாத முடிவில் மருந்து பெற்றோருள் 4 பேரும் பெறாதோருள் 14 பேரும் இறந்திருந்தனர். வேறுபாடு வெளிப்படை.

ஆனால் நோய்க்கிருமி வாளா இருக்கவில்லை. மருந்தை எதிர்த்து நிற்கும் கிருமிகள் நோயாளிகளின் உடலிலே பெருகின. ஐந்தாண்டுகளின் பின் நோக்கியபொழுது, மருந்து பெற்ற 55 பேரில் 32 பேரும் பெறாத 52 பேரில் 35 பேரும் இறந்திருந்தனர். முதலில் தோன்றிய பெரும் நன்மையின் பெரும்பகுதி கரைந்துவிட்டது. ஆறு மாதக் கணக்குப் பொய்யன்று, அது முழுமையன்று. மருந்தினால் மாறுவது நோயாளி மாத்திரமல்லன், நோயுமே என்பதை இவ்வரலாறு காட்டிற்று. இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்துக் கிருமியின் எதிர்ப்பைத் தடுக்கும் முறை இதன் பின்னரே வளர்ந்தது. ஆகவே எப்பொழுது அளப்பது, எத்துணைக் காலம் பின்தொடர்வது என்பன பரிசோதனை தொடங்குமுன்னரே தீர்மானிக்கப்படல் வேண்டும்.

4. படிப்படியாகப் பரப்புதல்

ஒரு நாடு முழுவதற்கும் நன்மை செய்யக் கருதும்பொழுது, பாதிப்பேருக்கு என்றும் கொடாது விடுதல் பலர் மனத்துக்கு ஒவ்வாது. எல்லோருக்கும் ஒரே நாளிற் கொடுத்தலும் இயலாது. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வழியை மேற்கு ஆபிரிக்காவின் கம்பியா நாடு காட்டிற்று. ஈரலைத் தாக்கும் 'பி' வகை அழற்சிக்கும், அதனாற் பல்லாண்டுகளின் பின் வரும் ஈரற் புற்றுநோய்க்கும் எதிராகக் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடும் திட்டம் ஆங்கு 1986ஆம் ஆண்டிற் தொடங்கிற்று. நாட்டின் பகுதிகள் ஒன்றன்பின் ஒன்றாக, எழுமாற்றினால் தெரிந்த வரிசைப்படி, ஏறத்தாழ நான்காண்டுகளிலே தடுப்பூசி பெற்றன. எப்படியும் காத்திருக்கவேண்டிய பகுதிகள் எவை என்பதைச் செல்வாக்கோ அண்மையோ தீர்மானிக்கவில்லை, சீட்டே தீர்மானித்தது. அக்காத்திருப்பே ஒப்பீட்டுக்கு இடமளித்தது.

இம்முறைக்கும் ஒரு கண்ணியுண்டு. படிகள் ஏற ஏறத் தடுப்பூசி பெற்றோர் தொகை கூடுகின்றது. ஆகவே பெற்றோருட் பெரும்பாலோர் பிற்காலத்தவராகவும், பெறாதோருட் பெரும்பாலோர் முற்காலத்தவராகவும் அமைவர். இரு சாராரையும் மொத்தமாகக் கூட்டி ஒப்பிடின், முன்னர் நாம் விலக்கிய 'முன்னும் பின்னும்' என்னும் பிழை பின்கதவால் நுழைந்துவிடும். ஒவ்வொரு படியிலும் அக்காலத்துப் பெற்றோரை அக்காலத்துப் பெறாதோருடன் ஒப்பிடுதலே முறை.

5. இடைவழியில் மாற்றலாமா?

பரிசோதனை நடக்கும்போதே ஒரு மருந்து சிறந்ததெனத் தோன்றின், மேலும் பலருக்கு அதனைக் கொடுக்கலாகாதோ என்னும் வினா இரக்கமுள்ள எவர்க்கும் எழும். தொம்சன் என்பார் 1933ஆம் ஆண்டிலேயே இதனைக் கணிதமாக ஆராய்ந்தார். இம்முறையை நடைமுறைக்குக் கொணர்ந்தவற்றுள் ஒன்று பலராலும் பேசப்படுவது. மூச்சுவிட இயலாத பச்சிளங் குழந்தைகளின் குருதியை உடலுக்கு வெளியே கொணர்ந்து ஒட்சிசன் ஊட்டும் இயந்திரத்தை, அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்திற் பாட்லெற் என்பாரும் துணைவரும் சோதித்து 1985ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ஒரு சிகிச்சை வெல்லுந்தோறும் அடுத்த சீட்டு அதன்பக்கம் சாயுமாறு விதி அமைந்திருந்தது. முதற் குழந்தை இயந்திரம் பெற்றுப் பிழைத்தது. இரண்டாவது வழமையான சிகிச்சை பெற்று இறந்தது. அடுத்த பத்துக் குழந்தைகளும் இயந்திரமே பெற்றுப் பிழைத்தன.

பெறுபேறு மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும் ஒப்பிடுதற்கு மறுபக்கத்தில் இருந்தது ஒரேயொரு குழந்தை. அதனால் வைத்திய உலகம் தெளிவடையாது பல ஆண்டுகள் விவாதித்தது. முடிவிற் பிரித்தானியாவிலே மீண்டும் ஒரு பரிசோதனை நடந்தது. 1996ஆம் ஆண்டில் வெளிவந்த அதன் கணக்கின்படி, இயந்திர வசதியுள்ள நிலையங்களுக்கு அனுப்பப்பட்ட 93 குழந்தைகளில் 30 இறந்தன. வழமையான சிகிச்சை பெற்ற 92 குழந்தைகளில் 54 இறந்தன. இயந்திரம் நல்லதென்பது உறுதியாயிற்று. ஆனால் முதற் பரிசோதனை ஐயந்தீர அமைந்திருப்பின் அவ்விரண்டாவது தேவைப்பட்டிருக்குமா? சிலரைக் காக்க விரைந்து சாய்த்த சீட்டு, பின்வந்தோர்க்கு வேண்டிய தெளிவைத் தராது போயிற்று.

சீட்டைச் சாய்ப்பதில் இன்னுமொரு பொறியுண்டு. அதனை ஒரு கற்பனைக் கணக்கினாற் காட்டுவோம். ஒரு கொள்ளைநோயின் முதல் மாதத்திற் புதிய மருந்தை 100 பேரும் பழைய மருந்தை 100 பேரும் பெறுகின்றனர். இரு பக்கத்திலும் 40 பேர் இறக்கின்றனர். இரண்டாம் மாதத்தில் நோயின் கடுமை குறைந்து, எப்பக்கத்திலும் நூற்றுக்கு 20 பேரே இறக்கும் நிலை உண்டாகின்றது. அதே வேளையிற் புதிய மருந்தின் பங்கை 160 ஆக உயர்த்திப் பழையதை 40 ஆகக் குறைக்கின்றனர். அப்பொழுது புதியதில் 32 பேரும் பழையதில் 8 பேரும் இறப்பர். இரு மாதங்களையும் கூட்டுக: புதியதில் 260 பேரில் 72, அஃதாவது நூற்றுக்கு ஏறத்தாழ 28, பழையதில் 140 பேரில் 48, அஃதாவது நூற்றுக்கு ஏறத்தாழ 34. ஒரு பயனுமில்லாத மருந்து உயிர்காக்கும் மருந்தாய்த் தோன்றிவிட்டது! மாதந்தோறும் தனித்தனி ஒப்பிட்டிருப்பின் இரு மாதத்திலும் வேறுபாடில்லை என்பது கண்கூடு.

6. 2020ஆம் ஆண்டின் சோதனை

இவ்விதிகள் யாவும் ஒருங்கே சோதிக்கப்பட்ட காலம் கொவிட்-19 நோய் பரவிய காலமாகும். பிரித்தானியாவில் 2020ஆம் ஆண்டு வசந்தத்திலிருந்து கோடைவரை வைத்தியசாலைகளில் இறப்போரின் விகிதம் குறைந்து சென்றது. வந்த நோயாளிகள் மாறினர், வைத்தியர்கள் பழகினர், நெருக்கடி தணிந்தது. அக்காலத்தில் எந்த மருந்தைப் புதிதாகத் தொடங்கியிருப்பினும் 'முன்னிலும் இப்போது இறப்புக் குறைவு' என்று பெருமை பேசியிருக்கலாம்.

ஒக்ஸ்பேட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீற்றர் ஹோபி, மார்ட்டின் லாண்ட்றே என்போர் 2020 மார்ச் மாதத்தில் 'றிக்கவரி' என்னும் பரிசோதனையைத் தொடங்கினர். பல மருந்துகள் ஒரே காலத்தில் ஒரே அமைப்பினுட் சோதிக்கப்பட்டன. புதிய மருந்து சேரலாம், பயனற்றது விலகலாம், ஆனால் எம்மருந்துக்கும் அதே காலத்தில் எழுமாற்றினால் வழமையான சிகிச்சை பெற்றோரே ஒப்பீடாவர். டெக்சாமெதசோன் என்னும் மலிவான பழைய மருந்தைப் பெற்ற 2104 பேரில் 482 பேர் 28 நாள்களுள் இறந்தனர். வழமையான சிகிச்சை பெற்ற 4321 பேரில் இறந்தோர் 1110 பேர். செயற்கைச் சுவாசக் கருவியில் இருந்தோருள் இறப்பு நூற்றுக்கு 41.4 இலிருந்து 29.3 ஆகக் குறைந்தது. ஒட்சிசன் வேண்டாதோருக்கோ நன்மை காணப்படவில்லை. மறுபுறத்தில், பலரும் பெருநம்பிக்கையோடு வழங்கிய ஹைட்ரொக்சிகுளோரோகுயினைப் பெற்ற 1561 பேரில் 421 பேரும், பெறாத 3155 பேரில் 790 பேரும் இறந்தனர். இறப்பை அம்மருந்து குறைக்கவில்லை.

இங்கே நாம் சிறப்பாக நோக்கவேண்டியது ஒன்றுண்டு. 2020 ஜூன் மாதத்தில் டெக்சாமெதசோனின் நன்மை வெளியானதும், 'வழமையான சிகிச்சை' என்பதே மாறிவிட்டது. அதன்பின்னும் சோதனை தொடர்ந்த ரொசிலிசுமாப் என்னும் மருந்தின் கணக்கில், நோயாளிகளுள் நூற்றுக்கு 82 பேர் டெக்சாமெதசோன் போன்ற மருந்தையும் பெற்றிருந்தனர். ரொசிலிசுமாப் பெற்ற 2022 பேரில் 621 பேரும் பெறாத 2094 பேரில் 729 பேரும் இறந்தனர். புதிய மருந்து நேற்றைய சிகிச்சையோடன்றி இன்றைய சிகிச்சையோடு ஒப்பிடப்பட்டமையால், முன்னதன் நன்மைக்கு மேலும் ஒரு நன்மை உண்டென்பது தெளிவாயிற்று.

7. தொகுப்புரை

இதுகாறும் கூறியவற்றை நான்கு விதிகளாகத் திரட்டிக் கூறுவோம்.

முதலாவது: ஒரே காலத்தவரை ஒரே காலத்தவரோடே ஒப்பிடுக, சென்ற ஆண்டின் கணக்கை இவ்வாண்டின் ஒப்பீடாகக் கொள்ளற்க.

இரண்டாவது: யார் பெறுவர் என்பதை மாத்திரமன்றி, எப்பொழுது பெறுவர், எவ்வரிசையிற் பெறுவர் என்பவற்றையும் எழுமாற்றின் கையில் விடுக.

மூன்றாவது: பழைய சிகிச்சையின் எச்சத்தையும், நோய் தானே மாறுவதையும் கருத்திற்கொண்டு, அளக்குங் காலத்தை முன்னரே வரையறுக்க.

நான்காவது: இடையில் மாற்றம் செய்யும் எண்ணம் உண்டாயின், எப்பொழுது எவ்வாறு மாற்றுவது என்பதைத் தொடங்குமுன் எழுதிவைக்க. பெறுபேறுகளைக் கண்டபின் வகுக்கும் விதி, விதியாகாது.

இவை வைத்தியசாலைக்கும் ஆராய்ச்சி நிலையத்துக்கும் மாத்திரம் உரியன அல்ல. ஒரு கல்லூரியிலே புதிய போதனாமுறையொன்றைப் புகுத்தும் அதிபர், எல்லா வகுப்புக்களிலும் ஒரே தவணையில் அதனைத் தொடங்கி, சென்ற ஆண்டின் பரீட்சைப் பெறுபேற்றோடு ஒப்பிடுவாராயின், வினாத்தாளின் எளிமையையும் மாணவர் திறமையையும் புதிய முறையின் புகழாகக் கொள்ள நேரும். இணையான வகுப்புக்களுட் சீட்டினால் சிலவற்றை முதற்றவணையிலும் ஏனையவற்றை அடுத்த தவணையிலும் தொடங்குவாராயின், எவர்க்கும் இழப்பின்றி, முதற்றவணை முடிவிலேயே உண்மையை ஓரளவு அறிதல் கூடும். செலவு சீட்டு எழுதும் கடதாசி மாத்திரமே.

காலத்தை நிறுத்திவைக்க எவராலும் இயலாது. ஆனால் அதன் நன்மை தீமைகளை இரு தட்டுக்கும் சமமாகப் பங்கிட்டு வைக்க இயலும். அத்தராசைத் தொடங்கும் நாளிலேயே நேராக்கி வைப்பதுதான் பரிசோதனை செய்வோர் கடமை. அக்கடமை தவறுமிடத்து, அதன் விலையை இறுதியிற் செலுத்துவோர் நோயாளியும் கமக்காரனும் மாணவனுமே என்பதை நாம் என்றும் மறத்தலாகாது.